புது பேட்டரியும் மூன்று அலறலும்

பேட்டரி மாற்றுவது பத்து நிமிட வேலை. மாற்றிய பிறகு அந்தக் காரைச் சமாதானப்படுத்துவதுதான் தொழில்.

கார் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. புது பேட்டரியில் வயரை வைத்ததும் கார் ஊரைக் கூட்டி அழும். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். எதிர் டீக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உங்களையே பார்ப்பார். சொந்தக் காருக்குப் பக்கத்தில் திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். எனக்கு அது அடுத்தவர் காருக்குப் பக்கத்தில் வாய்த்தது.

கிள்ளானில் ஒரு பேட்டரி கடையில் பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிக்பீல்ட்ஸில் சொந்தமாகக் கடை போட்டேன். பேட்டரி எனக்கு அத்துப்படி. அலாரம் அப்படியில்லை. கார் திருட்டுக்குப் பயந்து ஆளாளுக்கு அலாரம் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. மாட்டியவன் எந்த வயரை எங்கே கொண்டுபோய் ஒளித்தான் என்பது அவனுக்கே மறுநாள் ஞாபகம் இருக்காது.

கடைக்கு மேல் மாடியில் கட்டடத்தின் சொந்தக்காரர் குடியிருந்தார். ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவிக்கு ரத்த அழுத்தம். சாவியை என் கையில் கொடுக்கும்போதே ஐயா விரலை மடக்கிக் காட்டிச் சொன்னார்: "தம்பி, மனிசிக்கு பிரஷர். கார் கத்தினால் ரெண்டு தரம் பொறுப்பன். மூண்டாம் தரம் கத்தினால் நீங்கள் வேற இடம் பாக்க வேணும்." எனக்கு வேறு இடம் ஏது? கையில் இருந்ததையெல்லாம் கடையில் போட்டாயிற்று. கிள்ளான் முதலாளியிடம் திரும்பிப் போய் நிற்க முகமும் இல்லை.

தோளில் கை போட்ட பாய்

முதல் அலறல் கடை திறந்த இரண்டாவது வாரமே வந்தது. ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் காரைக் கொண்டுவந்தார். பழைய பேட்டரியைக் கழற்றி, புதுசை வைத்து, வயரை முடுக்கினேன். அவ்வளவுதான். பிறந்த குழந்தை கெட்டது போங்கள். ரிமோட்டை அமுக்கினால் நிற்கும். ஆனால் ரிமோட் பாயின் கடை மேசையில் கிடந்தது. கடைப் பையனுக்குப் போன் போட்டு, அவன் எடுத்துக்கொண்டு வருவதற்குள் இருபது நிமிஷம் ஓடிவிட்டது. அந்த இருபது நிமிஷமும் ரோட்டில் போனவர்கள் எல்லாரும் பானட்டுக்குள் தலையை விட்டிருந்த என்னைத்தான் பார்த்தார்கள். மேலே ஐயா ஜன்னலைத் திறந்து ஒரு விரலைக் காட்டினார்.

பாய் நினைத்திருந்தால் எதிர் கடையில் போய் உட்கார்ந்து தே குடித்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் என்னைத் திட்டித் தீர்த்திருப்பார்கள். அவர் வெயிலில் என் பக்கத்திலேயே நின்றார். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் இது என் கார், இவர் என் ஆள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கை இல்லையென்றால் நான் அன்றைக்கே கடையைச் சாத்தியிருப்பேன். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் சொன்னது: "தம்பி, கத்துறது என் காரு. அதுக்கு நீங்க ஏன் தலையக் குனியிறீங்க?"

சாம்பார் வாசம்

இரண்டாவது அலறலுக்குக் காரணம் விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒரு அண்ணன். கல்யாணம், காது குத்து எதுவானாலும் அண்டாக்களை அடுக்கிக்கொண்டு ஓடும் கார் அவருடையது. புது பேட்டரி போட்டு அரைமணி ஆனதும், தொடாமலேயே கத்தியது. ரிமோட்டில் நிறுத்தினேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும். பழைய பேட்டரியில் வலு இல்லாததால் அதுவரை அலாரம் வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறது. நான் பானட்டைத் துருவினேன், நாலு கதவையும் துருவினேன், ஒன்றும் அகப்படவில்லை. மாடி ஜன்னலில் இரண்டு விரல் தெரிந்தது.

எங்கள் பக்கம் கண் தெரியாதவர்கள் நிறையப் பேர் நடமாடுவார்கள். அவர்களில் மசாஜ் தொழில் செய்யும் ஒருவர் தினமும் அந்த நேரத்துக்குக் கோலைத் தட்டிக்கொண்டு என் கடையைத் தாண்டிப் போவார். அன்றைக்கு நின்றார். கார் கத்தி முடித்து அமைதியானதும் காதைச் சாய்த்துக் கேட்டார். கத்துவதற்கு முன்னால் பின்பக்கம் டிக் என்று ஒரு சத்தம் வருகிறதே, கேட்கவில்லையா என்றார். எனக்குக் கேட்கவில்லை, நான்தான் சத்தம் வருவதற்கு முன்பே பயத்தில் பாதி செவிடாகியிருந்தேனே. அவர் காரைத் தடவிக்கொண்டே போய், பின்னால் சாமான் வைக்கும் பூட் மேல் கையை வைத்தார். திறந்தோம். எந்தக் கல்யாணத்திலோ சிந்திய சாம்பார், பூட் சுவிட்ச் வரைக்கும் வழிந்து, காய்ந்து, பச்சைப் பாசி பிடிக்கிற அளவுக்கு அதை அரித்துவைத்திருந்தது. காற்றடித்தாலே அது ஆடும், கார் கத்தும். அரை நாள் நான் தேடியதை அவர் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். அவர் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "சத்தமும் பின்னால வருது, சாம்பார் வாசமும் பின்னால வருது. நீங்க ஏன் பாஸ் முன்னால நிக்கிறீங்க?"

பண்டமாரானில் ஒரு பொட்டு

இரண்டு விரல் ஆகிவிட்டது, மிச்சம் ஒன்றுதான். அலாரம் உள்ள கார் என்றால், வீட்டுக்கே வந்து செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அங்கே எவ்வளவு கத்தினாலும் ஐயாவுக்குக் கேட்காது. கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அப்படித்தான் பண்டமாரானுக்குப் போனேன். துறைமுகத்தில் கிராணி வேலை பார்க்கும் ஒரு அக்கா. முந்தின நாள் நான் கொடுத்த பேட்டரியை அவர் தம்பியே மாட்டியிருக்கிறார். காலையில் பார்த்தால் கார் கிளம்பவில்லை. விளக்கு மினுக்மினுக் என்கிறது, அலாரம் கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுக்கீச்சு என்கிறது. பானட்டைத் திறந்தேன். நம் வீடுகளில் புதுசாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடுவோமா? பேட்டரிக்கும் வைத்திருந்தார்கள். சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆனால் வைத்த இடம், வயர் வந்து உட்காரும் இரண்டு ஈயக் குமிழ்கள். குழைத்த சந்தனம் காய்ந்து கெட்டியாகி, அதன் மேல்தான் வயரைக் கவ்வ விட்டிருந்தார் தம்பி.

சொன்னால் மனம் நோகுமே என்று நான் தயங்கினேன். அக்கா எட்டிப் பார்த்தார், ஒரு நொடியில் புரிந்துகொண்டார். உள்ளே போய்ப் பழைய பல் துலக்கும் பிரஷும் சுடுதண்ணீரும் கொண்டுவந்து, வயரை எந்தப் பக்கம் முதலில் கழற்ற வேண்டும் என்று என்னிடம் கேட்டு, தன் கையாலேயே இரண்டு குமிழையும் பளபளவென்று தேய்த்தார். வயரை மாட்டியதும் கார் ஒரே திருகில் கிளம்பியது. அவர் அதோடு விடவில்லை. மறுபடி சந்தனம் குழைத்து, பேட்டரியின் பிளாஸ்டிக் மூடி மேல் அளவாக ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சொன்னார்: "சாமி எங்க வேணும்னாலும் இருக்கட்டும் அண்ணே, கரண்டு போற வழியில மட்டும் நிக்க வேணாம்."

மூன்று விரல்

எல்லாக் காரையும் தேடிப் போக முடியுமா? ஒரு சனிக்கிழமை காலையில், சுங்கை பூலோவிலிருந்து ஒரு டீச்சரின் காரை அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் வேனில் கயிறு கட்டி இழுத்துவந்து, சரியாக ஐயாவின் ஜன்னலுக்குக் கீழே விட்டுவிட்டுப் போனார். டீச்சரின் கணவர் தவறி மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவர்தான் ஓட்டினார், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து போவார். இப்போது டீச்சரே லைசன்ஸ் எடுத்துவிட்டார். ஐம்பது வயதில், முதல் தடவையே பாஸ். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். ரிமோட் எங்கே என்று கேட்டேன். அவர் எங்கே வைத்தாரோ தெரியவில்லை என்றார்.

முன்ஜாக்கிரதையாக சைரன் வயரை முதலிலேயே வெட்டிவிட்டுத்தான் பேட்டரியை வைத்தேன். அந்தச் சைரனுக்குள்ளேயே தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. கத்தியது பாருங்கள், அதுவரை நான் கேட்டதெல்லாம் தாலாட்டு. வெட்டிய வயரை அவசரமாகத் திரும்ப முறுக்கி இணைத்தேன், அப்போதும் நிற்கவில்லை. இந்த மாதிரி அலாரத்துக்கு எங்கேயாவது ஒரு ரகசிய சுவிட்ச் வைத்திருப்பார்கள். அதைத் தொட்டால் சத்தமும் நிற்கும், வண்டியும் கிளம்பும். தெரிந்தவர் போய்விட்டாரே. நான் சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்கு அடியில், எல்லா இடத்திலும் கையை விட்டுத் தேடினேன். ஐயா ஜன்னலில் விரல் காட்டவில்லை. படியிறங்கி நேரில் வந்துவிட்டார். மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். கோபப்படாமல் சொன்னார், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்தார். தன்னால்தானே என்று அவருக்கு முகம் வாடிவிட்டது. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். டாஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்ன முருகன் சிலையின் வேலைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சைரன் நின்றது.

ரோடே நிசப்தமாகிவிட்டது. நானே ஒரு கணம் கையெடுத்துக் கும்பிடப் போனேன். டீச்சர் அப்படியில்லை. வேலை மறுபடி தொட்டார், கத்தியது. இன்னொரு தடவை தொட்டார், நின்றது. வகுப்பில் கணக்கைச் சரிபார்ப்பது மாதிரி மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு, சாவியை முழுதாகத் திருகினார். கார் கிளம்பியது. அப்புறம்தான் நான் சிலையின் அடியில் வயரைத் தேடிக் கண்டுபிடித்தேன். தொழில்காரன் நான், கண்டுபிடித்தவர் அவர்.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்ப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலும் தண்ணீர்தான். தன் வீட்டுக்காரர் கோயில் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டு நிற்பாரே தவிர உள்ளே காலெடுத்து வைக்க மாட்டார் என்றார். இந்தக் கார் வாங்கிய நாளிலிருந்துதான், ஏறி உட்கார்ந்ததும் முருகனைத் தொடாமல் வண்டியை எடுக்க மாட்டாராம். "நாலு வருஷம் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வந்தேன் தம்பி. அவருக்கு பக்தி வந்துருச்சுன்னு பத்துமலை முருகனுக்குப் பால்குடம் வேற எடுத்தேன்."

அடுத்துச் சிரித்தது ஐயா. அப்படிச் சிரிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலே பார்த்தால், பிரஷர்கார அம்மா ஜன்னலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, சிக்னல் போட்டு, கொஞ்சமும் தடுமாறாமல் அந்த நெருக்கமான ரோட்டில் காரை இறக்கி ஓட்டிக்கொண்டு போனார். முருகனை வைத்துத் திருடனை ஏமாற்றிய அந்த மனிதரை ஒரு தடவையாவது பார்த்திருக்கலாமே என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. மாதக் கடைசி பற்றி ஐயா அப்புறம் வாய் திறக்கவில்லை. டீச்சரின் கார் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உப்பிடி ஒரு சாமியை எங்கட காருக்கும் வைக்கேலுமோ?"

இப்போதெல்லாம் ஒரு காரின் பேட்டரியில் கை வைப்பதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி, ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்ததும் எந்தச் சாமியைத் தொடுவார் என்பதுதான்.