புளி தட்டிக்கொண்டே கற்ற சோலோ

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவள் நான்தான் என்றால் புதூர்நாட்டு மலையில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மேடையில் என்னைப் பார்த்தவர்களே நம்பமாட்டார்கள். பாடுகிறவருக்குக் கைதட்டுவார்கள், கீபோர்டுக்குக் கைதட்டுவார்கள், பேடு அடிக்கிறவருக்கு விசிலே அடிப்பார்கள். நான் ஓரமாக நின்று, பாட்டுக்கு அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்களுக்காகத் தடித்த கம்பியைத் தும், தும் என்று இழுத்துக்கொண்டிருப்பேன். “அந்தப் பொண்ணு இன்னாத்துக்கு நிக்குது, பாட்டும் பாடல?” என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டது ஒருமுறை என் காதில் விழுந்தது. வந்த கோபத்துக்குக் கம்பி அறுந்திருக்க வேண்டும். பேஸ் கம்பி அவ்வளவு சுலபத்தில் அறுவதில்லை.

கீபோர்டு வாசிப்பவர் என் கணவர். குழுவை நடத்துபவரும் அவரே. எனக்கு முன்பு பேஸ் வாசித்தவர் ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனபோது கிட்டாரை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். ஒருநாள் பெருக்கும்போது துடைப்பம் அதன் கம்பியில் பட்டது. அந்த அதிர்வு துடைப்பத்தின் வழியே என் உள்ளங்கைக்கு ஏறியது. அன்றைக்குப் பாதி வீடுதான் பெருக்கினேன். பிறகு கணவரையே நச்சரித்து, எந்தப் பாட்டுக்கு எந்தச் சுரம் என்று கேட்டுக் கேட்டு மேடை ஏறினேன்.

மேடை ஏறியும் ஆசை அடங்கவில்லை, இன்னும் கூடியது.

“மாமா, ஒரு பாட்டுல நானு தனியா வாசிக்கிறேன்.”

“பேஸ்ல இன்னாமே தனியா? அது அடியில கெடக்கற சாமான்.”

“கெடந்து கெடந்து எனக்கு முதுகு வலிக்குது.”

சிரித்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “சரி, ஆடித் திருவிழால வாசி. எடுபடலன்னா பேஸ நானே கீபோர்டுல இடது கையில பாத்துக்குறேன். ஜீப்ல ஒரு ஆளு எடமாவது மிச்சம்.”

விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தது. ஆனால் அவர் விளையாடவில்லை. இப்போது பல குழுக்களில் பேஸ் கிட்டார் என்று தனியாக ஒன்று கிடையாது, கீபோர்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது. எடுபடாவிட்டால் எனக்கு மேடையே இல்லை. பயம் வந்திருக்க வேண்டும். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

அடுத்த முறை திருப்பத்தூருக்கு இறங்கியபோது, பேஸ் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்கும் ஒரு சோலோவை செல்போனில் இறக்கிக்கொண்டேன். யாரோ வெளிநாட்டுக்காரர் வாசித்தது, அவர் பெயர் என் வாயில் நுழையவில்லை. அது புளிக்காலம். நடுவில் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டிய புளிக் குவியல், பக்கத்தில் செல்போன். இயர்போன் மாட்டினால் பால் பொங்குவது தெரியாது என்பதால் போனைச் சும்மா பாட விட்டேன். ஒரு துண்டு கேட்பது, வாயால் பாடிப் பார்ப்பது, புளிக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை எடுப்பது. கம்பி உரசி விரல் நுனியெல்லாம் கொப்புளம். அந்தக் கொப்புளத்தில் புளிச்சாறு இறங்கும்போது ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தத் தோன்றும். கத்திவிட்டு மறுபடி எடுப்பேன்.

ஆம்ப்பும் பெரிய பாக்ஸ்களும் படவேட்டில் சவுண்டு சர்வீஸ்காரரிடம் இருந்தன. ஆம்ப் இல்லாத பேஸ் கொசு முனகுவதுபோல்தான் கேட்கும். அதனால் கிட்டாரின் உடலை மரக்கட்டிலோடு அழுத்தி வைத்து வாசித்தேன். கட்டில் ‘உம்’ என்று உயிர்த்துக்கொள்ளும்.

அந்த சோலோவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நிறுத்தங்கள். நாலு சுரம் விறுவிறுவென்று ஏறும், சட்டென்று நிற்கும். மறுபடி ஏறும், நிற்கும். என்ன துணிச்சல் இந்த மனுஷனுக்கு என்று வியந்தேன். முதல் பகுதி முழுசாகக் கைக்கு வந்த அன்று குதித்த குதியில் புளிக்கூடை கவிழ்ந்தது. கொட்டை எடுத்த புளியும் எடுக்காத புளியும் ஒன்றாகிவிட்டன. அதற்கும் சிரித்தேன்.

ஆடித் திருவிழா நெல்லிவாசல் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில். மதியமே பாக்ஸ்கள் ஜீப்பில் ஏறி வந்துவிட்டன. சவுண்டு சரிபார்க்கும்போது கணவர், “உன் சோலோவ ஒருவாட்டி ஒரிஜினல்ல கேட்டுக்கிறேன்” என்று என் போனைப் பெரிய பாக்ஸில் இணைத்தார்.

நாலு சுரம் ஏறியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை! தரையே பேசுவதுபோல் கீழிருந்து இன்னும் சில சுரங்கள் உருண்டு வந்தன. அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. நிறுத்தம் என்று நான் கொண்டாடிய இடமெல்லாம் அந்த மனுஷன் ஆழத்தில் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். செல்போனின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் தர முடியாது. பேஸ் சோலோவில் பேஸை விட்டுவிட்டு மிச்சத்தைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்!

கணவர் என்னைப் பார்த்தார். “இன்னாமே, பாதிதான் கத்துக்கினு வந்துக்கிற? பேசாம வுட்டுடு. இன்னிக்கு நான் இடது கையில ஓட்டிக்கிறேன்.”

“வுடமாட்டேன். எனக்குத் தெரிஞ்சத வாசிக்கிறேன்.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. விடுவதாக இல்லை.

விளக்குப் போட்டதும் கச்சேரி தொடங்கியது. முன்னால் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பகலெல்லாம் சாமை வயலில் களை எடுத்துவிட்டுக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்தவர்கள். நாலாவது பாட்டின் நடுவில் கணவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஏறினேன். நிறுத்தினேன்.

ஒன்றுமே இல்லை. ஜெனரேட்டர் ஓடும் சத்தம் மட்டும். மறுபடி ஏறினேன், நிறுத்தினேன். முன்வரிசையிலிருந்து “ஓ!” என்று ஒரு குரல் வந்தது. அடுத்த நிறுத்தத்தில் வரிசை முழுக்க “ஓ!” என்றது, கைத்தட்டலோடு. இங்கே களை எடுக்கும்போது ஒருத்தி பாடி நிறுத்தினால் மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். நிறுத்தினால் அது அவர்கள் முறை. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அவர்களுக்கும்தான். நான் ஏற ஏற அவர்கள் வாங்கினார்கள். எழுந்து நின்று காலால் தட்டி வாங்கினார்கள். மேடைப் பலகை நடுங்கியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. விரல் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

முடித்தபோது “இன்னொருவாட்டி! அந்தப் பொண்ண வாசிக்கச் சொல்லு!” என்று ஒரே கூச்சல். பேடு அடிக்கிறவர் குச்சியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

கணவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

“எங்கெங்க நிறுத்துவ, சொல்லு. நானும் அங்க நிறுத்துறேன்.”

“எனக்கே தெரியாது மாமா. அவங்களப் பாத்துக்கினு வா” என்றேன்.