பனியாறு பார்க்கப் போன நாள்

பலெர்மோவுக்கு வந்த பிறகு நான் போன ஒரே விடுமுறைப் பயணம் நோர்வேக்குத்தான். அங்கே என் அண்ணா இருக்கிறார். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே அவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார். நான் சண்டை முடியும்வரை வன்னியில் இருந்துவிட்டு, பிறகு முகாமிலும் கிடந்துவிட்டு இத்தாலிக்கு வந்தவள். நகரத்தில் பொலிதேயாமாப் பக்கம், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் துப்புரவு வேலை. அந்தக் கோடையில் சிஞ்ஞோரா தன் மகளிடம் போனதால் எனக்கு லீவு கிடைத்தது. மொண்டெல்லோவில் கடற்கரை உணவகத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு முதலாளி லீவு கொடுக்கவில்லை. என் மகளைக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் போனேன்.

அண்ணா விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். வீட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குள் கதைக்க அவ்வளவாக ஒன்றும் இருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த தங்கச்சி இரட்டைப் பின்னல் போட்ட பிள்ளை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அந்தப் பிள்ளையைத் தேடுவதுபோல இருந்தது. அவருடைய பிள்ளைகள் பேசியது நோர்வே மொழி, என் மகள் பேசியது சிசிலி இழுவையோடு இத்தாலியன். ஆனாலும் ஒரு ஃபோனும் அதில் ஒரு விளையாட்டும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன. அண்ணாவின் மனைவி, என் மச்சாள், நல்லவ. நான் கோப்பை கழுவப் போனால், விருந்துக்கு வந்தவர் வேலை செய்யக்கூடாது என்று குசினியை விட்டு அனுப்பிவிடுவா. கையில் வேலையில்லாமல் இன்னொருவர் வீட்டில் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ஜன்னலடியில் போய் நிற்பேன்.

பனியாறு பார்க்கப் புறப்பட்ட அன்று விடியும்போதே மழை. மலையிலிருந்து இறங்கி ஏரியில் முடிகிற பெரிய பனிக்கட்டி. அதற்கு நேரெதிர் வரைக்கும் படகு போகும். டிக்கெட் எடுத்தாயிற்று, மழைக்காக நிற்க முடியாது என்றார் அண்ணா. எனக்கு மச்சாளின் மழைக்கோட்டு. கை நீளம், விரல்கள் வெளியே தெரியவில்லை.

படகின் மேல்தட்டில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பனிக்கட்டி நான் நினைத்ததுபோல வெள்ளையாக இல்லை. அழுக்கும் நீலமுமாக நின்றது. படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். மழை தண்ணீரில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் பனிக்கட்டி உடைந்தது.

முதலில் வெடித்தது, பிறகு ஒரு நீண்ட உறுமல். நான் யோசிக்கவேயில்லை. மகளை இழுத்து விழுத்தி, அவளுக்கு மேலே படுத்துக்கொண்டேன். ஈரத் தட்டில் கன்னம் பட்டிருந்தது. என்னைச் சுற்றி எல்லோரும் பனி சரிந்ததற்குக் கை தட்டினார்கள்.

மகள் எனக்குக் கீழிருந்து நெளிந்தாள்.

"அம்மா, பஸ்தா. எழும்புங்கோ. எல்லாரும் பாக்கினம்."

'பஸ்தா' என்றால் இத்தாலியனில் போதும் என்று அர்த்தம். அவளுடைய முழங்கை உரசிச் சிவந்திருந்தது. அண்ணா ஓடிவந்து என்னைத் தூக்கினார். பக்கத்தில் நின்றவர்களுக்கு அவர்களின் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வழுக்கிப் போட்டுது எண்டு சொன்னனான்" என்றார்.

"ஓம் அண்ணா. வழுக்கிப் போட்டுது."

திரும்பும் வழியில் நான் கீழே, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தேன். மற்றவர்கள் மேலேயே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணா இரண்டு கோப்பி கொண்டுவந்து எதிரே இருந்தார். ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"அங்கை இப்பிடித்தானோ சத்தம் கேட்டது?"

"இது தூரத்திலையெல்லோ விழுந்தது, அண்ணா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மச்சாள் படியில் இறங்கிவந்து, பிள்ளைகளுக்குப் பசிக்கிறதாம் என்றா. அவர் எழுந்து போனார்.

பலெர்மோவுக்குத் திரும்பியதும் சிஞ்ஞோரா பனிக்கட்டி எப்படி என்று கேட்டா. மிக அழகு என்றேன். கணவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். அவர் மொண்டெல்லோவிலிருந்து வந்து, சோற்றுக்கோப்பையோடு இருந்தபடியே தூங்கி விழுந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

மகளும் அந்தப் படகைப்பற்றிப் பிறகு கதைத்ததில்லை. மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் தேவாலயத் திருநாளுக்கு வாணம் விடுவார்கள். அந்த இலையுதிர்காலத் திருநாளன்று முதல் வாணம் வெடித்தபோது நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் படித்துக்கொண்டிருந்த மேசையிலிருந்து எழுந்துவந்து, குசினி ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். என்னைப் பார்க்காமலே திரும்பிப் போய்ப் புத்தகத்தைத் திறந்தாள்.