ஏழு என்றால் ஏழுதான்

தங்கச் சுரங்கக் கம்பெனிப் பதிவேட்டில் அவரைப் பற்றி ஒரே வரிதான்: "ஏனோக், மரம் முட்டுக் கொடுக்கும் கூலி, வட ஆற்காடு, கல்வி இல்லை, சாது, சொன்னதைக் கேட்பவன்." இதே வரியை எழுபது பேருக்கு எழுதிய குமாஸ்தா ஒரு தடவையாவது தலை நிமிர்ந்து ஆளைப் பார்த்திருப்பார் என்று சொல்வதற்கில்லை.

அந்தச் சாது குடியாத்தத்து மிஷன் பள்ளியில் ஐந்து வருஷம் படித்தவர். வார நாட்களில் சுரங்கத்துக்குள் கல் சரியாமல் மரம் நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ஊரிகம் சந்தையில் தாம் எழுதிய சிந்துப் பாட்டுப் புத்தகத்தைத் தாமே பாடி விற்பார். பிளேக் வந்தபோது ஒரு சிந்து, கரண்ட் விளக்கு வந்தபோது ஒரு சிந்து. குரல் சுமார், எதுகை அதைவிடச் சுமார். இருந்தும் விற்றது. பிணத்தைத் தூக்கியவனையும் செத்தவன் வீட்டுக்காரியையும் நேரில் கேட்காமல் அவர் ஒரு வரிகூட எழுதமாட்டார் என்பதுதான் காரணம். "ஏனோக்கு பாட்ல கீதுன்னா அது நடந்துது" என்பார்கள் கூலிகளின் லைன் வீடுகளில். பைபிளில் கை வைத்துச் சாட்சி சொன்னவர்களுக்குக்கூட அந்தப் பேர் கிடைத்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றில் ஒரு ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜின் கயிறு அறுந்தது. செத்தவர்கள் ஏழு பேர். கம்பெனி மூன்று என்றது. மேலே கொண்டுவந்த பிறகு உயிர் விட்ட நாலு பேரும் சுரங்கத்தில் செத்தவர்கள் ஆகமாட்டார்களாம். ஏனோக் ஏழு வாசலிலும் நின்று, ஏழு பெயரையும் கேட்டு எழுதி, வேலூரில் அச்சுக்கூடம் வைத்திருந்த சகாயத்துக்கு அனுப்பினார்.

மூன்று வாரத்தில் ஐந்நூறு பிரதிகள் ரயிலில் வந்து இறங்கின. சந்தையில் கட்டைப் பிரித்தால், அட்டையில் கொட்டை எழுத்தில் "நாற்பது பேர் மாண்ட நெஞ்சுருக்கும் சிந்து" என்று இருந்தது. கீழே, அதே பருமனில், ஏனோக்கின் பெயர். உள்ளே ஏழு பெயர்களில் ஒன்றையும் காணோம். அந்த இடத்தில் தேவலோகத்துப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள்.

தம்பியைப் பறிகொடுத்த பார்வதம்மா ஒரு பிரதியை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு நேரே வந்தாள்.

"இன்னா ஏனோக்கண்ணே, நாப்பதா? அதுல என் தம்பி எத்தினியாவது ஆளு? அவன் பேரு எங்க? அடுப்பக்கூட பத்த வெக்காம ஒக்காந்து சொன்னேனே, அத்தெல்லாம் இன்னா ஆச்சி?"

ஏனோக் பிரித்த கட்டைத் திரும்பக் கட்டினார். அன்று பாடவில்லை. ஒரு பிரதியும் விற்கவில்லை.

மறு வாரம், விற்பனை எப்படி என்று பார்க்கச் சகாயமே வந்துவிட்டார்.

"ஏழு பேருக்கு எவன்பா அழுவான்? நாப்பதுன்னா தான் கண்ணுல தண்ணி வரும். உன் பேரு மெட்ராஸ் வரைக்கும் போவும், பாரு."

"பேரு மெட்ராஸ் போவும். நான் இங்க இல்ல கீறேன், பார்வதம்மா வூட்டுக்கு எதிர் வூட்ல? கம்பெனி மூணுங்குது, நீங்க நாப்பதுங்கிறீங்க. ரெண்டு பேரும் ஒக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வாங்க ஐயா. செத்தது ஏழு. எல்லாத்தியும் கையால திருத்திட்டுத்தான் விப்பேன்."

"கிறுக்கின புஸ்தகத்த நாய்கூட வாங்காது. அதுல கை வெச்சே, இனிமே உன் பாட்டு என் மெஷின்ல ஏறாது."

"ஏற வேணாம்."

வீட்டில் அவர் மனைவி லூயிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐநூறுக்குமா எய்தப் போற? இன்னாய்யா, பைத்தியம் கியித்தியம் புடிச்சிதா?"

"ஆமாம்மே. மைய கரை."

திட்டுவதை நிறுத்தாமலே அவள் மையைக் கரைத்தாள்.

சகாயம் வாக்குத் தவறாதவர். அதற்குப் பிறகு ஏனோக்கின் ஒரு வரியைக்கூட அவர் அச்சடிக்கவில்லை.

அடுத்த ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஏனோக் சந்தையின் நடுவே உட்கார்ந்து, ஐந்நூறு அட்டைகளிலும் நாற்பதை அடித்து ஏழு என்று போட்டு, செத்த ஏழு பேரின் பெயரையும் தம் கையால் எழுதினார்.