மாட்டுங்காவில் விழாத சூரன்

பசித்திருக்கிறவள் கையில் ரிமோட்டைக் கொடுக்கக் கூடாது. அதுவும் அடுத்த வீட்டு ரிமோட் என்றால் அவள் கண்ணிலேயே காட்டக் கூடாது. அன்றைக்கு என் கையில் இரண்டு ரிமோட்டுகள் இருந்தன. இரண்டையும் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, என்னவோ ஊறுகாய் பாட்டிலைப் பாதுகாப்பதுபோல் பாதுகாத்து வைத்திருந்தார்கள். எந்த ரிமோட் டிவிக்கு, எந்த ரிமோட் செட்டாப் பாக்ஸுக்கு என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதிப் பாதி ஏற்கெனவே விரதத்தில் போயிருந்தது.

கந்த சஷ்டி விரதம். அதை நான் ஏன் இருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. தாராவியில் எங்கள் சந்தில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் மாவு அரைக்கப் போனாலும் ஒரே கேள்விதான்: "விசேஷம் ஏதும் உண்டா?" ஊரில் கல்யாணமும் விசேஷம், கோயில் கொடையும் விசேஷம். என்னிடம் கேட்கும்போது மட்டும் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம். கேட்கிறவர்களின் கண் என் முகத்துக்கு வராது, நேராக வயிற்றுக்குப் போகும். இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேய்ந்துவிட்டது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாமியார் போன் செய்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இந்த வருஷம் நீ சஷ்டி இருக்க வேண்டும், ஆறு நாளும் வெறும் தண்ணீர்தான் குடிக்க வேண்டும், கடைசி நாள் சாயங்காலம் சூரன் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வாயில் எதையும் வைக்க வேண்டும் என்றார். பார்க்காமல் சாப்பிட்டால் இருந்த விரதத்துக்கு அர்த்தமே இல்லையாம். அவர் நேராகத் திருச்செந்தூர்க் கடற்கரைக்கே போய்விடுவார். நான் டிவியில் பார்த்தால் போதும். அத்தை அதட்டலாகச் சொன்னார் என்று குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அது வேண்டியிருந்தது. ரொம்பவே வேண்டியிருந்தது.

காலையில் மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டில் சமைப்பதுதான் என் வேலை. பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக பம்பாய். விரத நாட்களில் அங்கேயும் சமைத்தேன், வீட்டிலும் சமைத்தேன். உப்பு பார்க்க முடியாது, வாசனையைப் பிடித்தே போட்டேன். என் வீட்டுக்காரர் தாராவியிலேயே தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். விரதக்காரி முன்னால் எப்படிச் சாப்பிடுவது என்று மூன்று வேளைச் சோற்றையும் பட்டறைக்கே கேட்டார். தினமும் டப்பாவைக் கொடுத்தனுப்புவேன், காலி டப்பா திரும்பி வரும். உப்பு சரியாக இருந்ததா என்று கேட்பேன். சரியாக இருந்தது என்பார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசி நாள் காலையில் எங்கள் டிவி வேலை செய்யவில்லை. மாடித் தகரத்தில் ஏறிப் பார்த்தால், யாரோ டிஷ்ஷின் மேல் ஜீன்ஸ் பேண்ட்டைக் காயப்போட்டிருக்கிறார்கள். கனம் தாங்காமல் டிஷ் திரும்பி, அடுத்த சந்தில் இருக்கிற பொதுக் கக்கூஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவரும் அதை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு கோடுகூட வரவில்லை. சரிசெய்கிற ஆள் நாளைக்கு வருகிறேன் என்றான். நாளைக்கு வந்து யாரைச் சரிசெய்வான்? சூரன் இன்றைக்கல்லவா சாகப்போகிறான்.

மாமியும் மாமாவும் நவி மும்பை நெரூலில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாவி என்னிடம் இருந்தது. போன் செய்து கேட்டதும் மாமி, "தாராளமாப் பாரு. ரிமோட் கவரை மட்டும் பிரிச்சுடாதே" என்றார். இவரும் பட்டறையில் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் மாட்டுங்கா வீட்டைத் திறந்து உள்ளே போனோம். அந்தச் சோபாவில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. இவர் அதன் ஓரத்தில், பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் உட்கார்ந்தவரைப் போல உட்கார்ந்தார்.

பெட்டியைப் போட்டோம். ஏதேதோ மராத்தி சேனல், செய்தி, கிரிக்கெட். தமிழ் சேனல் எந்த எண்ணில் இருக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு எண்ணைப் போட்டால் ஒருவன் சப்பாத்தி மாவு பிசையும் மிஷின் விற்றுக்கொண்டிருந்தான். திரும்ப மாமிக்குப் போன். மாப்பிள்ளை புது பாக்ஸ் மாட்டியிருக்கிறார், எண்ணெல்லாம் தனக்குத் தெரியாது என்று மாமி சொன்னார். "மைக் படம் போட்ட பட்டன் இருக்கோல்லியோ, அதை அமுக்கிண்டு என்ன வேணுமோ நிதானமாச் சொல்லு. தானா வந்துடும்."

நான் மைக்கை அமுக்கி, நிதானமாக, பக்தியோடு, "திருச்செந்தூர்" என்றேன். பெட்டி அதை சிந்தூர் என்று எடுத்துக்கொண்டது. ஹிந்தியில் சிந்தூர் என்றால் வகிட்டில் வைக்கிற குங்குமம். உடனே திரை முழுக்கக் குங்குமம் வைத்த மருமகள்கள், குங்குமத்தைத் தட்டிவிடுகிற மாமியார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து முறைத்தாள். நானும் முறைத்தேன்.

நீ தள்ளு, நான் சொல்கிறேன் என்று இவர் ரிமோட்டை வாங்கினார். வாங்கி, "முருகன்" என்றார். பெட்டிக்கு அது முர்க் என்று கேட்டது. முர்க் என்றால் கோழி. வாணலியில் வெண்ணெய் உருகுகிறது, மசாலா கொதிக்கிறது, கோழித் துண்டுகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. மாற்றுங்கள் என்றால் இவர் மாற்றவில்லை. வாயைத் திறந்தபடி அந்த வாணலியையே பார்க்கிறார். தொண்டைக்குழி ஏறி இறங்குகிறது.

காலையில் மூக்குமுட்டத் தின்றுவிட்டுத்தானே வந்தீர்கள், பட்டினி கிடக்கிறவள் பக்கத்தில் உட்கார்ந்து எச்சில் ஊற வேண்டுமா என்று பிடித்துக் கத்தினேன். இவர் அசடு வழிந்து, சூரன் கடைசியில் சேவலாகத்தானே மாறுகிறான், பெட்டி முடிவை முன்கூட்டியே சொல்கிறது என்றார். சாமி விஷயத்தில் என்ன கிண்டல் என்று அதற்கும் ஒரு வாங்கு வாங்கினேன்.

அப்புறம் மைக்கை விட்டுவிட்டு, சேனல் மாற்றுகிற பட்டனைத் தட்டிக்கொண்டே போனோம். பிளாஸ்டிக் கவரின் மேல் அமுக்கினால் ஒரு தட்டுக்கு மூன்று சேனல் தாவும், சில சமயம் அசையவே அசையாது. ஒருவழியாகக் கடற்கரை வந்தது. மணலே தெரியாத கூட்டம். யானைமுகச் சூரன் ஏற்கெனவே விழுந்துவிட்டான். சிங்கமுகன் தலையை ஆட்டிக்கொண்டு வந்து, வேல் பட்டு, அவனும் விழுந்தான். நான் தரையில் இறங்கி உட்கார்ந்து கும்பிட்டேன். இனி சூரபத்மன்தான் பாக்கி. அவன் தன் சொந்தத் தலையோடு வந்தான், சுற்றினான், வேலைப் பார்த்துத் தலையைச் சாய்த்தான். சாய்த்தது சாய்த்தபடி நின்றுவிட்டான்.

நான் முதலில் சம்ஹாரத்தில் ஏதோ ஒரு கட்டம் என்று நினைத்தேன். ஆனால் வேலோடு வந்த குருக்களும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்கிறார். கூட்டமும் நிற்கிறது. மேலே ஒரு காகம், அதுவும் நிற்கிறது. படம் உறைந்துவிட்டது. என்னத்தை அமுக்கித் தொலைத்தீர்கள் என்று திரும்பினால், சோபாவில் இவரைக் காணோம். தரையில் கிடக்கிறார். ரிமோட் அவர் விலாவுக்கு அடியில் இருக்கிறது.

சூரனுக்கு முன்னால் என் வீட்டுக்காரர் விழுந்துவிட்டார்.

எனக்கு அப்போது அது புரியவில்லை. வேண்டுமென்றே விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். ரிமோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "சும்மா நடிக்காதீங்க, எந்திரிங்க" என்று கத்தினேன். இழுத்த இழுப்பில் என் கட்டைவிரல் மைக் பட்டனில் இருந்திருக்கிறது. நம் சும்மா ஹிந்தியில் முத்தம். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் ஆபீஸில் அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் பேசுவார்கள். பெட்டிக்கு என்ன தெரியும்? கேட்டதைக் கொடுத்தது. மலை உச்சியில் முத்தம், மழையில் முத்தம், ரயிலில் முத்தம் என்று ஒரே பாட்டுக் கச்சேரி. சத்தம் வேறு உச்சத்தில்.

அழைப்பு மணி அடித்தது. திறந்தால் எதிர் வீட்டுக் குஜராத்தி அம்மா. சமையல்காரியைப் பார்த்தார், கீழே கிடக்கிற ஆண்பிள்ளையைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். நான் பதற்றத்தில் "உபவாஸ்" என்று மட்டும் சொன்னேன். விரதம் என்று அர்த்தம். அவர் மறுபடியும் டிவியைப் பார்த்துவிட்டு, "அச்சா" என்று சொல்லித் தானே கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

திரும்பி வந்து இவர் நெற்றியைத் தொட்டபோதுதான் நடிப்பில்லை என்று தெரிந்தது. சில்லென்று இருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நேற்று? நேற்றும் இல்லையாம். டப்பா என்ன ஆனது என்றேன். பட்டறையில் கூட இருப்பவர்கள் பங்கு போட்டுச் சாப்பிட்டார்களாம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வாசனை பிடித்து வாசனை பிடித்து நான் உப்புப் போட்ட சோற்றை இந்த மனுஷன் ஒருநாள்கூட வாயில் வைக்காமல், உப்பு சரியாக இருந்தது என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார்.

எதற்கு இந்த வேலை என்று சத்தம் போட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் உன்னையே கேக்காங்க. எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே. நானும்தானளா கூட இருக்கேன்?"

ஓடிப்போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். இன்னும் சூரன் விழவில்லையாம், நானும் குடிக்கவில்லையாம். நான் ரிமோட்டில் கண்டதை அமுக்கி முத்தத்தை நிறுத்தினேன். கடற்கரை திரும்ப வந்தது. அதே சாய்ந்த தலை, அதே ஒற்றைக் கால், அதே காகம். எதை அமுக்கினாலும் அசையவில்லை.

அப்போது என் போன் அடித்தது. அத்தை. ஸ்பீக்கரில் போட்டேன். அலைச் சத்தமும் அரோகராவும் காதைப் பிளந்தன. சூரன் விழுந்து கால் மணி நேரம் ஆகிறது, மாமரமாகி, சேவலும் மயிலுமாகி எல்லாம் முடிந்துவிட்டது, பார்த்தாயா என்று கேட்டார். நான் டிவியைப் பார்த்தேன். திருச்செந்தூரில் செத்தவன் மாட்டுங்காவில் தலையைச் சாய்த்துக்கொண்டு உயிரோடு நிற்கிறான். இங்கே இன்னும் விழவில்லை அத்தை என்றேன். அதெப்படி, இங்கே செத்தவன் அங்கே எப்படி இருப்பான் என்று அவர் கேட்டார். பார்க்காமல் மட்டும் சாப்பிட்டுவிடாதே, இருந்ததெல்லாம் வீணாகப் போய்விடும் என்று மறுபடியும் சொன்னார்.

சர்க்கரைத் தண்ணீர் என் கையில் இருந்தது. இவர் தலை என் மடியில் இருந்தது. நான் குடிக்காமல் இவர் குடிக்க மாட்டார், சூரன் விழாமல் நான் குடிக்கக் கூடாது, பெட்டி அசையாமல் சூரன் விழ மாட்டான். எனக்குப் பிள்ளை வேண்டும் என்று இருந்த ஆசை அந்த நிமிஷமும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். டம்ளரை எடுத்து நான் ஒரு மடக்குக் குடித்தேன். மீதியை இவர் வாயில் ஊற்றினேன். மாமி வீட்டுக் கூடையிலிருந்து வாழைப்பழத்தைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாக வாயில் வைத்தோம். சூரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இவர் அதை எடுத்தார். "எம்மா, நானும்தான் விரதம் இருந்தேன். மயங்கி விழுந்துட்டேன். ரெண்டு பேரும் பாக்காமலே சாப்பிட்டாச்சு. இனிமே கேக்கணும்னா என்னையும் சேத்துக் கேளு."

கடல் இரைந்தது. அத்தை திட்டப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "நீ என்னலே சாப்பிட்ட?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"அவகிட்டக் கேளும்மா. அவளும்தான் பட்டினி" என்று சொல்லிப் போனை என் பக்கம் நீட்டினார்.

அந்த விரதம் ஆரம்பித்ததிலிருந்து அத்தை தினமும் போன் செய்தார். குளித்தாயா, விளக்கு ஏற்றினாயா, தண்ணீரைத் தவிர ஏதும் தொட்டாயா என்று எல்லாம் கேட்டார்.

"ஏளா, பசிச்சுதா?" என்றார்.

வாய் நிறையப் பழம். போன் என்பதையும் மறந்து, ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.