ஈசானிய மூலையில் ஒரு வாசல்

தபீதாள் பயந்தாங்கொள்ளி. இதைச் சொன்னால் அவளே கோபித்துக்கொள்ள மாட்டாள். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூருக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகியும், விமானம் தாழ இறங்கினால் மாடியில் துணி உலர்த்துகிறவள் சட்டென்று குனிவாள். "உன்னைப் போய் அந்தரத்துல ஒரு கட்டடம் கட்டச் சொன்னாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்" என்று கணவன் ஜெபராஜ் கிண்டல் செய்வான்.

கிண்டல் என்றாலும் விஷயம் நிஜம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தைத் தாண்டி, பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் அவள் விரிவுரையாளர். ஏரியின் உபரி நீர் போகிற கால்வாய் ஒன்று கல்லூரி நிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடியது. தெற்கே வகுப்பறைகள், வடக்கே பொட்டல். பிள்ளைகள் உட்கார்ந்து வரைய ஒரு கூடம் வேண்டும், கால்வாயைத் தாண்ட ஒரு பாலமும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகவே கட்டினால் என்ன என்று தபீதாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டாள். நீங்களே வரைந்து கொடுங்கள் என்று அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

முழுக்க மரம். நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டு கரையிலும் உட்கார்ந்துகொண்டு தண்ணீருக்கு மேலே நீண்டு கிடக்கும் கூடம். இரண்டு பக்கச் சுவர்கள்தான் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மேலே ஓர் உத்தரம், கீழே ஓர் உத்தரம், நடுவில் சாய்வு சாய்வாகத் தேக்குக் கட்டைகள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஜன்னல் அலங்காரம் மாதிரித் தெரியும். ஆனால் ஒரு கட்டை சுமையை அடுத்த கட்டையிடம் தள்ளிவிட்டு, அது இன்னொன்றிடம் தள்ளிவிட்டு, கடைசியில் மூலையில் இருக்கிற சாய்வுக் கட்டைதான் அத்தனையையும் வாங்கிக் கரையில் இறக்கும். அந்த மூலைக் கட்டைகளை நினைத்து அவள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கில் வந்த பருமனுக்கு மேலேயே கூட்டிப் போட்டாள். மரவேலை மேஸ்திரி பம்மல் பொன்னுரங்கம், "இன்னா மேடம், மேல லாரி ஓட்டப் போறீங்களா?" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, வேலையில் ஒரு குறை வைக்கவில்லை.

கட்டடம் முடிகிற சமயம் பார்த்து அவள் பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. குழந்தையை விட்டு இப்படி அப்படி நகர முடியவில்லை. அது தேறி எழுந்து, திறப்பு விழா அன்று காலையில்தான் கல்லூரிக்கு வர முடிந்தது.

வாழைமரம் கட்டியிருந்தார்கள். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. மொத்தக் கல்லூரியும் ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போய் வடக்குக் கரையில் கூடியிருந்தது. எல்லோரும் ஏன் அந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று அவளும் சுற்றிப் போய்ப் பார்த்தாள். கூடத்தின் வடகிழக்கு மூலையில், கிழக்குச் சுவரில், மாவிலைத் தோரணத்தோடு ஒரு புது வாசல் இருந்தது. மூலைக் கட்டை இருக்க வேண்டிய இடம் அது.

பொன்னுரங்கத்தைத் தேடிப் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துத்தான் பேசினார்.

"கரஸ்பாண்டென்ட் ஐயா ஒரு வாஸ்துகாரரைக் கூட்டினு வந்தாரு மேடம். தெக்கு வாசல் ஆவாது, ஈசானிய மூலைலதான் வாசல் வெக்கணும்னுட்டாரு. மேடம் வரட்டும்னு சொல்லிப் பாத்தேன். அன்னிக்கு வுட்டா நெலை வெக்க நல்ல நாளே இல்லன்னாங்க. குறுக்கால கட்டை நின்னுது. அறுத்துட்டோம். நெலைக்கட்டை தாங்கிக்கும்னு நெனச்சேன்."

அவள் கரையோரமாக இறங்கிப் பார்த்தாள். கீழ் உத்தரம் அந்த மூலையில் வயிறு தொங்கியிருந்தது. பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி. ஆளே ஏறாமல் இப்படி என்றால், இத்தனை பேர் ஏறினால்? முதலில் பசுவும் கன்றும், பின்னாலேயே எல்லோரும் என்று ஏற்பாடு. பட்டுப்பாவாடையும் மல்லிகைப்பூவுமாகப் பெண்பிள்ளைகள் முன்வரிசைக்கு இடித்துக்கொண்டிருந்தார்கள்.

கரஸ்பாண்டென்ட் துரைராஜ் கெட்டவர் இல்லை. தன் குடும்பம் நெல் விளைவித்த நிலத்தைக் கல்லூரிக்குக் கொடுத்தவர். தபீதாள் கிட்டே போய்ச் சொன்னதும், பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"மேடம், உங்க ஆளுங்களுக்கு இதுல நம்பிக்கை கிடையாதுன்னு எனக்குத் தெரியும். நான் தப்பா எடுத்துக்கல. உங்க கிறிஸ்துமஸ் ஜெபத்துக்கு மொத ஆளா நான் வந்து உக்காரலையா? அதே மாதிரி நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

"சார், இது நம்பிக்கை விஷயம் இல்ல சார். கூட்டம் ஏறினா தாங்காது."

"நெலை வெச்ச நாள்லேருந்து நின்னுக்கிட்டுதானே இருக்கு?"

சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வை அவளுக்குப் புரிந்தது. வேதக்காரி, வேண்டுமென்றே நல்ல காரியத்தைக் கெடுக்கிறாள். இதற்கு மேல் எந்தக் கணக்கைச் சொல்லி என்ன பிரயோசனம்? சொல்லச் சொல்ல அந்தப் பார்வைதான் கெட்டியாகும். ரோட்டுப் பக்கம் திரும்பினாள். பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம், காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. நான்கைந்து அடி நடந்தும் விட்டாள். முடியவில்லை. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கரையில் சறுக்கி இறங்கி, அந்தத் தொங்கிய உத்தரத்துக்கு நேர் கீழே, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தைரியம் வந்து உட்கார்ந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. தலையை முட்டிக்குள் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஜெபம் சொன்னாள்.

மாட்டுக்காரி கிளியம்மாள்தான் முதலில் பார்த்தாள். வாசற்படி வரைக்கும் வந்த பசுவின் கயிற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஓட்டும்மா, நேரம் போவுது" என்றார் வாஸ்துகாரர்.

"கீழ ஒரு பொம்பள உக்காந்துகினு கீதுய்யா. நான் எப்டி மாட்ட ஏத்துவேன்? நீ வோணா ஏறு."

அவர் ஏறவில்லை.

துரைராஜ் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. "எழுந்திரிங்க மேடம். நாலு பேர் பாக்கறாங்க" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. மேலே மரம் மெல்ல முனகியது. கொஞ்சம் மரத்தூள் அவள் தோளில் கொட்டியது. அவள் இன்னும் குறுகினாள். துரைராஜ் அவளைப் பார்த்தார். வாஸ்து பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு மனுஷி இப்படி நடுங்க மாட்டாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிறகு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார்.

"விழுந்துடுமா?"

"தெரியல சார்."

"தெரியாமயா இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

"அந்தக் கட்டை இல்லாம நான் கணக்கே போடல சார். நிக்கவும் நிக்கலாம். விழவும் விழலாம். எனக்குத் தெரியல."

அவர் கரைமேல் நின்றவர்களைப் பார்த்து, "மேளத்தை நிறுத்தச் சொல்லுப்பா. எல்லாரையும் வந்த வழியே சுத்திக்கிட்டு பழைய கட்டடத்துக்குப் போகச் சொல்லு. பொன்னுரங்கம், முட்டுக் கொடுக்கக் கட்டை எடுத்துட்டு வா" என்றார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

"இப்பவாவது வாங்க மேடம்."

"கால் வரல சார்" என்றாள் தபீதாள். அவள் பொய் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

துரைராஜ் உத்தரத்தின் நிழலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். யாரையாவது கூப்பிடுவதற்குத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. தன் சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டு, குனிந்து, உத்தரத்துக்கு அடியில் வந்து அவள் கையைப் பிடித்தார். இருவரும் கரையேறும் வரை ஒருவரை ஒருவர் விடவில்லை.