காங் அக்காவின் பிளந்த கீபோர்டு

தென் தைவானில் எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் காங் யா-ஹுய் அக்கா இருபத்திரண்டு வருடமாக வாக்குமூலம் தட்டச்சு செய்கிறாள். பேசுகிறவர் வாயை மூடுமுன் அவர் சொன்னது எல்லோர் முன்னாலும் இருக்கும் திரையில் ஏறிவிடும். அந்த வேகம் அவள் மணிக்கட்டுகளைத் தின்றுவிட்டது. மதியம் வான்கோழிச் சோற்றுப் பெட்டியைக்கூட ஒற்றைக் கையால் தூக்க முடியாது.

போன மாதம் சின்னதாக ஒரு கீபோர்டு வாங்கி வந்தாள். நடுவில் வெட்டிய மாதிரி இரண்டு பாதி, தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம், மணிக்கட்டு வளையாது. எல்லோரும் சிரித்தார்கள். சாட்சிகளைக் கூப்பிடும் வேலையில் இருக்கும் நானும் சிரித்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

'மனிதர்' என்ற சீன எழுத்துக்கான விசையை வலது கை விரலால் தட்டியே பழகியவள் அவள். புதியதில் அது இடது பாதியில் இருந்தது. வலது கை விரல் ஒவ்வொரு தடவையும் வெறும் மேசையைக் குத்தியது. சாட்சி என்று எழுதினாலும் கட்சிக்காரர் என்று எழுதினாலும் எங்கள் எழுத்தில் 'மனிதர்' வந்தாக வேண்டும். விசாரணை நின்று நின்று நகர்ந்தது. அடிக்கடி வாதாட வரும் லியான் வக்கீல் புகார் எழுதிக் கொடுத்தார். இந்த வாரமும் இழுத்தால் அக்காவைக் கோப்பு அறைக்கு அனுப்பிவிடுவதாக நீதிபதி அம்மா சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாளைக்குப் பழையதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"இருபத்திரெண்டு வருஷம் கையைக் குடுத்தாச்சு. மிச்சம் என்னோடது," என்றாள்.

இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு தைல பாட்டிலை நிறுத்தினாள். தப்பிப் போகும் விரல் அதில் இடித்துக்கொண்டு திரும்பும். திங்களன்று பாட்டில் பதினோரு முறை விழுந்தது. எடுத்துக் கொடுத்தது நான்தான். புதனன்று மூன்று.

வெள்ளிக்கிழமை ஒரு நில எல்லை வழக்கு. தான் சொல்லும் ஒரு வார்த்தை விடாமல் ஏறவேண்டும் என்று லியான் வக்கீல் முதலிலேயே கேட்டுக்கொண்டார். பிறகு வேண்டுமென்றே வேகமாகப் பேசினார். அக்கா நிமிரவே இல்லை. அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இந்தம்மா பொம்மைய வச்சு விளையாடி முடிக்கிறதுக்குள்ள என் கட்சிக்காரர் கிழவராயிடுவாரு."

சிரித்தார்கள். அப்புறம் திரையைப் பார்த்தார்கள். அந்த வரி முழுசாக ஏறியிருந்தது. அதில் கட்சிக்காரர், கிழவர் என்று 'மனிதர்' வரவேண்டிய இரண்டு இடத்திலும் வந்திருந்தது. பாட்டில் நின்ற இடத்தில் நின்றது.

முடிவில் எல்லோரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். பொம்மை வரியை எடுத்துவிடச் சொன்னார் வக்கீல். நீதிபதி அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா வக்கீலிடம் கேட்டாள்:

"அதுல தப்பு ஏதாவது இருக்குங்களா, வக்கீல் சார்?"

அவர் மறுபடி படித்தார். இல்லை என்றார்.

"ஒரு வார்த்தை விடாம ஏறணும்னு நீங்கதான் சொன்னீங்க. கையெழுத்துப் போடுங்க," என்றாள் அக்கா.

போட்டார்.