கலிங்கைத் தாண்டி வந்தவர்

அடைக்கலம் இறந்த செய்தியைப் பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கந்தர்வக்கோட்டையில் ஏறி உட்கார்ந்த என்னிடம் டிக்கெட்டைக் கிழித்தபடியே, "ஒங்க கூட்டாளி ரன்னர் அடைக்கலம் நேத்துக் காலையில போயிட்டாராமுல்ல, கேள்விப்பட்டீங்களா?" என்றார். மஞ்சள் காமாலையாம். நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. நான் அவரைவிட மூன்று வயது மூத்தவன். எனக்கு அவர் எழுத வேண்டிய அஞ்சலியை அவருக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

இந்த இதழைப் படிக்கும் நம் தபால் சங்கத்தாரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ரன்னர் வேலை என்னவென்றே தெரியாது. இன்று பஸ்ஸில் போகிற தபால் பை அன்று எங்கள் காலில் போயிற்று. சமஸ்தான ஆட்சி போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. எங்கள் தடம் எட்டு மைல். கிழக்கு முனையிலிருந்து நான் நாலு மைல் ஓடுவேன், மேற்கு முனையிலிருந்து அவர் நாலு மைல் ஓடி வருவார். நடுவில் கண்மாயின் உபரித் தண்ணீர் வழியும் கலிங்கு. அங்கே பைகளை மாற்றிக்கொண்டு அவரவர் வந்த வழியே திரும்ப வேண்டும். கலிங்கைத் தாண்டி அடுத்தவர் எல்லைக்குள் போகக் கூடாது. பை தொலைந்தால் யார் பொறுப்பு என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காக அந்த விதி.

என் ஓட்டத்தைப் பற்றி எனக்கு மண்டைக்கனம் உண்டு. கையில் சலங்கை கட்டிய கோல். முந்திரித் தோப்பில் வேலை செய்பவர்கள் என் சலங்கைச் சத்தம் கேட்டுத்தான் கஞ்சிக் கலயத்தைத் திறப்பார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று கோலை ஊன்றும்போதெல்லாம் இடது காலையும் சேர்த்து ஓங்கி மிதிப்பேன். சரளைக்கல் ரோட்டில், தினமும், எட்டு மைலும் அப்படித்தான்.

கால் பதில் சொல்லிற்று. இடது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, முன்னெலும்பின் உள்விளிம்பில் வலி. முதலில் கிளம்பும்போது மட்டும் வலித்து, ஓட ஓட மறைந்துவிடும். பிறகு மறையவே இல்லை. விரல் வைத்து அழுத்தினால் உயிர் போய் உயிர் வரும். சூடாக எண்ணெய் தடவி, மாட்டுக்கு உருவுவதுபோல் உருவினேன். இன்னும் மோசமாயிற்று. லீவு எடுக்கலாம் என்றால், நம் பொறுப்பில் ஒரு மாற்றாள் தர வேண்டும். எனக்கு வாய்த்த மாற்றாள் என் பங்காளி. அந்த வேலைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவன். என் வேலையோ தற்காலிகம். தபால் தடங்களைச் சோதிக்கும் ஓவர்சியர் நேரில் பார்த்து நல்லபடி எழுதினால்தான் நிரந்தரம். அவர் வருவதற்கு இரண்டு மாதம் இருந்தது. வலியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு நாள் கலிங்கில் பையை வாங்கிக்கொண்டே அடைக்கலம் கேட்டார். "அண்ணே, எடது காலு எத்தன நாளா வலிக்குது?"

"யார்றா சொன்னா?"

"ஒங்க சலங்கதான் சொல்லுது. முன்னெல்லாம் ஒரே சீராக் கேக்கும். இப்ப ஒரு தடவ ஓங்கிக் கேக்குது, ஒரு தடவ அமுங்கிக் கேக்குது. இங்க உக்காந்து கேக்குறவனுக்குத் தெரியாதாண்ணே?"

"ஒன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ."

"கோவத்த அப்பறம் படுங்க. மொதல்ல காலத் தண்ணியில விடுங்க."

சித்திரை மாதத்தில் கண்மாயில் மிச்சம் கிடந்த தண்ணீரில் காலை விட்டேன். அவர் வைத்தியர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த வருஷம் அவருக்கும் அதே வலி வந்து, பட்டுத் தெரிந்துகொண்டவர். எண்ணெய் உருவலை நிறுத்தச் சொன்னார். சரளையை விட்டு ஓரத்து மணலில் ஓடுங்கள், காலடியைச் சுருக்கி வையுங்கள், காலை மெத்தென்று இறக்குங்கள் என்றார். "சலங்க ஊருக்கு, காலு ஒங்களுக்குண்ணே. நோவுற எலும்பு மேலயே எட்டு மைல் ஓடுனா அது எப்பக் கூடும்? தூரத்தக் கொறைக்கணும்."

"தூரம் என்ன நான் போட்டதா?" என்றேன். சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நான் மூன்று மைல் வந்தபோதே எதிரே அவருடைய சலங்கை கேட்டது. கலிங்கைத் தாண்டி ஒரு மைல் என் எல்லைக்குள் வந்து நின்றார். "சீக்கிரமா வந்துட்டேன், சும்மா உக்கார முடியல" என்றார். பச்சைப் பொய். முதல் நாள் அவரைத் திட்டினேன். இரண்டாம் நாள் திட்டவில்லை. மூன்றாம் நாள் அவர் வருவாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓடினேன். இப்படி ஐந்து வாரம். போகவர எனக்கு இரண்டு மைல் குறைந்தது, அவருக்கு இரண்டு மைல் கூடிற்று. வலி இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலிங்கை நோக்கிப் பின்வாங்கினார்.

கலிங்குக்கு இன்னும் இரண்டு பர்லாங் பாக்கியிருந்த நாளில், சொல்லாமல் கொள்ளாமல் ஓவர்சியர் சைக்கிளில் வந்துவிட்டார். மேற்கிலிருந்து வந்தவர் கலிங்கில் யாரையும் காணாமல் இங்கிட்டே மிதித்து வந்திருக்கிறார்.

"ஒன் எல்லை எது?" என்று அடைக்கலத்தைக் கேட்டார்.

"கலிங்குங்க."

"அப்ப இங்க என்ன பண்றே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடைக்கலம் முந்திக்கொண்டார். "முந்திரிப் பழத்துக்கு ஆசப்பட்டு வந்துட்டேங்க. அண்ணன் டயத்துக்குத்தான் வந்தாரு. தப்பு என்னுதுங்க."

எனக்கு 'நல்ல ஓட்டம்' என்று எழுதி நிரந்தரமாக்கினார்கள். அவருக்கு 'எல்லை மீறினார்' என்று குறிப்பு. அடுத்து வந்த போஸ்ட்மேன் இடம் அவர் கைக்கு எட்டாமல் போயிற்று. "நான் போய் உண்மையச் சொல்லிர்றேன்" என்று ஒரு முறை சொன்னேன். "சொன்னா ரெண்டு பேருக்கும் போயிரும். ஒங்களுக்காவது நெலைக்கட்டும்ணே" என்றார். நானும் நல்ல பிள்ளையாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்த வெட்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஓடிய வருஷங்களில் ஒரு நாள்கூட அந்தக் கால் வலித்ததில்லை. நான் ஓவர்சியர் ஆனேன். அவர் போஸ்ட்மேன் சட்டை போட்டது போன வருஷந்தான்.

ஓவர்சியரான முதல் வருஷம், வேறொரு தடத்தில் சோதனைக்குப் போனேன். ஒரு ரன்னர் தன் எல்லையைத் தாண்டி ஒரு மைல் வந்து நிற்கிறார். எதிர்முனை ரன்னர் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைக் கண்டதும் இருவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை. நான் சைக்கிளை விட்டு இறங்கி, துணியை அவிழ்த்து, முன்னெலும்பின் உள்விளிம்பில் அழுத்தினேன். அவர் கத்தினார். டைரியை எடுத்து, 'பைகள் உரிய இடத்தில், உரிய நேரத்தில் மாறின' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அடைக்கலத்தைப் பார்த்து இதைச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். "அவரு காலு தேவலையாயிருச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த டைரி என்னிடம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அதில் எழுதிய பொய் அந்த ஒரு வரிதான். அடைக்கலத்திடமிருந்து எனக்குக் கிடைத்ததும் அதுவே. இதைப் படித்துவிட்டு மேலிடத்திலிருந்து யாராவது விளக்கம் கேட்டால், இந்த முறை நானே வாயைத் திறப்பேன்.